ஈரலில் தங்கிய சீழ்: ஒரு சென்னைக் காய்ச்சலின் வரலாறு

1918 நவம்பர் 26ஆம் தேதி, கணித மேதை ஜி.எச். ஹார்டி மதராஸ் பல்கலைக்கழகப் பதிவாளர் டியூஸ்பரிக்கு ஒரு கடிதம் எழுதினார். பல்கலைக்கழகத்தின் உதவித்தொகையில் கேம்பிரிட்ஜ் போன ராமானுஜன் ஒன்றரை ஆண்டுக்கும் மேலாக நோயில் கிடந்த சமயம் அது. உடம்பு தேறிவருகிறது, எடை கூடியிருக்கிறது, காய்ச்சல் தாறுமாறாக ஏறி இறங்குவது நின்றிருக்கிறது என்று நல்ல சேதிகளைச் சொன்ன ஹார்டி, டாக்டர்களின் பொதுவான கருத்தையும் தெரிவித்தார். எங்கே என்று பிடிபடாத ஏதோ ஓர் ஊற்றிலிருந்து ரத்தத்தில் நஞ்சு கலந்துகொண்டிருந்தது. இப்போது அந்த ஊற்று வற்றிவிட்டது என்பதே அந்தக் கருத்து.

வற்றவில்லை. 1919 ஏப்ரல் 2ஆம் தேதி மதராஸ் வந்து சேர்ந்த ராமானுஜன் எலும்பும் தோலுமாக இருந்தார். முதலில் எட்வர்ட் எலியட்ஸ் சாலையில், அதாவது இன்றைய டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலையில், ஒரு பங்களாவில் அவரைத் தங்கவைத்தார்கள். பிறகு மயிலாப்பூர் லஸ் சர்ச் சாலையில் ‘வெங்கட விலாஸ்’ என்ற வீடு. கோடைக்குக் கொடுமுடி, அங்கிருந்து கும்பகோணம், 1920 ஜனவரியில் மறுபடி மதராஸ். அந்த ஆண்டு ஏப்ரல் 26 அன்று சேத்துப்பட்டில் இறந்தபோது அவருக்கு வயது 32.

இங்கிலாந்தில் பார்த்த டாக்டர்கள் வயிற்றுப்புண் என்றார்கள், காசநோய் என்றார்கள். பாட்டி ஷா என்ற லண்டன் நிபுணர், பழைய அறுவை ஒன்றைக் கேள்விப்பட்டு, புற்றுநோய் ஈரலுக்குப் பரவியிருக்கலாம் என்று சந்தேகித்தார். மதராஸில் மருத்துவம் பார்த்த பி.எஸ். சந்திரசேகர ஐயர் காசநோய் நிபுணர். அவர் காசநோய் என்றே முடிவு செய்தார். பொதுமக்கள் நினைவிலும் அதுவே நின்றுவிட்டது.

1994இல் டி.ஏ.பி. யங் என்பவர் லண்டன் ராயல் சொசைட்டியின் வரலாற்று இதழில் வேறொரு முடிவை முன்வைத்தார். கடிதங்களையும் மருத்துவக் குறிப்புகளையும் ஒன்றுசேர்த்துப் பார்த்த அவருக்கு, விட்டுவிட்டு வந்த காய்ச்சலும் அவ்வப்போது எழுந்த வலியும் வலது விலாவுக்குக் கீழே, ஈரலைக் காட்டின. 1906இல் பச்சையப்பன் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது ராமானுஜனுக்குக் கடுமையான சீதபேதி வந்தது. படிப்பை நிறுத்திவிட்டு ஊருக்குப் போகும் அளவுக்கு வந்தது. அன்று குடலில் குடியேறிய அமீபா பிற்பாடு ஈரலுக்கு ஏறி, சீழ் கட்டி, ஆண்டுக்கணக்கில் அடங்குவதும் கிளம்புவதுமாக இருந்தது என்பது யங்கின் வாதம். இது காலம் கடந்து செய்யப்பட்ட ஊகம்தான். எல்லோரும் ஏற்றுக்கொண்டதும் இல்லை. ஆனால் அந்தக் காலத்து மதராஸை அறிந்தவர்கள் இதைத் தள்ளிவிட மாட்டார்கள். ‘ரத்தத்தில் நஞ்சு, ஊற்று எங்கே என்று தெரியவில்லை’ என்ற வரி இந்த ஊரின் மருத்துவக் குறிப்புகளுக்குப் புதிதல்ல.

கிழக்கிந்தியக் கம்பெனி 1664இல் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் தன் சிப்பாய்களுக்காக ஒரு மருத்துவமனை தொடங்கியது. அது 1772இல் இன்றைய சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் இடத்துக்கு வந்து ஜெனரல் ஆஸ்பத்திரி ஆயிற்று. வெள்ளைக்காரச் சிப்பாய்களைக் கொன்ற நோய்களில் சீதபேதிக்கும் ஈரல் வீக்கத்துக்கும் பெரிய பங்கு. காரணம் கேட்டால் வெயில், சாராயம், இரவுப் பனி, சதுப்பு நிலத்துக் கெட்ட காற்று என்று பட்டியல் நீளும். தண்ணீரை யாரும் பெரிதாகக் குறை சொல்லவில்லை.

இந்தக் குழப்பத்துக்குள் முதலில் முறையாகக் கை வைத்தவர்களில் ஒருவர் ஜேம்ஸ் ஆன்ஸ்லி. மதராஸில் நெடுங்காலம் பணியாற்றிய கம்பெனி டாக்டர். 1828இல் லண்டனில் வெளிவந்த அவருடைய இரண்டு பெரிய தொகுதிகளில், இறந்தவர்களைத் திறந்து பார்த்துக் கண்டது கண்டபடி வரைந்த வண்ணப் படங்கள் இருக்கின்றன. பெருங்குடலில் புண், ஈரலில் சீழ்: இரண்டும் ஒரே உடம்பில் சேர்ந்து வருவதை ஆன்ஸ்லி கவனித்தார். எது முதலில் வருகிறது, எதனால் எது என்பதில்தான் அவர் காலத்தில் தெளிவு இல்லை. சிகிச்சையோ கொடுமை. காலமெல் என்னும் பாதரச உப்பை அள்ளிக் கொடுப்பதில் ஆன்ஸ்லிக்கு மிகுந்த நம்பிக்கை. நோயிலிருந்து தப்பித்தவர்கள் பாதரசத்திலிருந்தும் தப்பிக்க வேண்டியிருந்தது.

1854இல் எட்வர்ட் வேரிங் திருவனந்தபுரத்தில் ஒரு நூலை வெளியிட்டார். ஈரல் சீழ்க்கட்டியால் இறந்த 300 பேரின் விவரங்களைத் திரட்டி அலசிய நூல் அது. பெரும்பாலும் ஐரோப்பியச் சிப்பாய்களின் கணக்கு. மயிலாப்பூர் மாடவீதியிலும் திருவல்லிக்கேணி ஒண்டுக்குடித்தனங்களிலும் காய்ச்சலில் போனவர்களை யாரும் எண்ணவில்லை. இதற்குள் லண்டனில் ஜார்ஜ் பட், குடல் புண்ணிலிருந்து கிளம்பும் ஏதோ ஒன்று ரத்தக்குழாய் வழியே ஈரலுக்குப் போகிறது என்று எழுதிவிட்டார். பாதை சரி. பயணி யார் என்பது தெரியவில்லை.

அந்தப் பாதைக்குப் போர்ட்டல் சிரை என்று பெயர். குடலிலிருந்து திரும்பும் ரத்தம் முழுவதும் இதயத்துக்குப் போகும் முன் இந்தச் சிரை வழியாக ஈரலுக்குள் நுழைந்து வடிகட்டப்பட்டே போக வேண்டும். குடலில் எந்தக் கிருமி சுவரைத் துளைத்தாலும் அதன் முதல் நிறுத்தம் ஈரல். குடலின் வலப்பக்கத்து ரத்தம் பெரும்பாலும் ஈரலின் வலது பகுதிக்குப் போவதால் கட்டியும் அங்கேதான் அதிகம் உண்டாகும். ஈரலின் மேற்புறம் உதரவிதானத்தை ஒட்டியிருப்பதால் வலி சில சமயம் வலது தோளில் தெரியும். தோள் வலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு திரிந்தவர்கள் எத்தனை பேர் என்பதற்குக் கணக்கு இல்லை.

பயணியை அடையாளம் காண இன்னும் சில பத்தாண்டுகள் ஆயின. 1875இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ஃபியோதர் லோஷ் ஒரு சீதபேதி நோயாளியின் மலத்தில் அமீபாவைக் கண்டார். 1883இல் காலராவைத் தேடி எகிப்து போன ராபர்ட் கோக், சீதபேதியில் இறந்தவர்களின் குடலிலும் ஈரல் கட்டியின் ஓரத்திலும் அதைப் பார்த்தார். 1890இல் பால்டிமோரில் வில்லியம் ஆஸ்லர், உயிரோடிருந்த நோயாளியின் ஈரல் சீழிலேயே அமீபாவைக் காட்டினார். அடுத்த ஆண்டு கவுன்சில்மேனும் லாஃப்லரும் நோய்க்குப் பெயர் வைத்து விளக்கம் எழுதினார்கள்.

அமீபா ஊருக்குள் வந்த வழியைத் தேட வெளிநாடு போக வேண்டியதில்லை. 1872 முதல் மதராஸுக்குச் செங்குன்றம் ஏரித் தண்ணீர் கிடைத்தது. அது திறந்த மண் கால்வாயில் கீழ்ப்பாக்கம் வரை ஓடிவந்து, வடிகட்டப்படாமலே குழாய்க்குள் நுழைந்தது. வழியில் மாடு குளித்தது, மனிதர்களும் குளித்தார்கள். குழாய் எட்டாத வீடுகளில் கிணறு. கிணற்றுக்குப் பக்கத்திலேயே கழிவுக் குழி. அமீபாவின் முட்டை போன்ற உறைவடிவம் ஈரத்தில் பல நாள் உயிரோடிருக்கும். குளோரினுக்கும் எளிதில் சாகாது. மணல் படுகையில் மெதுவாக வடிகட்டினால் பெருமளவு தங்கிவிடும். அப்படிப்பட்ட மணல் வடிகட்டிகளைப் பொறியாளர் ஜே.டபிள்யூ. மேட்லி கீழ்ப்பாக்கத்தில் கட்டி முடித்தது 1914இல். அதே ஆண்டு மார்ச் 17ஆம் தேதி ராமானுஜன் கப்பலேறினார். அவர் மாணவராகவும், குமாஸ்தாவாகவும் இந்த ஊரில் குடித்தது அத்தனையும் வடிகட்டாத காலத்துத் தண்ணீர்.

நோயைப் பிரித்தறியும் ஆய்வுக்கூடங்களும் அந்தக் காலத்தில்தான் இங்கே முளைத்தன. மாகாணச் சுகாதார ஆணையர் டபிள்யூ.ஜி. கிங்கின் பெயரில் 1899இல் கிண்டியில் கிங் நிலையம் எழுந்தது. 1903இல் ஜெனரல் ஆஸ்பத்திரி டாக்டர் சார்லஸ் டோனவன், மாதக்கணக்கில் காய்ச்சலும் மண்ணீரல் வீக்கமுமாகக் கிடந்த நோயாளியின் மண்ணீரலில் ஊசி விட்டு எடுத்த துளியில் காலா அசார் கிருமியைக் கண்டார். லீஷ்மன்–டோனவன் உடலங்கள் என்று உலகம் இன்றும் சொல்வது அதைத்தான். ஓயாத காய்ச்சலுக்கெல்லாம் மலேரியா என்று பேர் வைத்துக் கொய்னா கொடுத்த காலத்தில், உறுப்பிலேயே ஊசி விட்டுப் பார்த்த துணிச்சல் அது. மயிலாப்பூருக்கு அடுத்த ராயப்பேட்டையில் 1911இல் அரசு மருத்துவமனை திறந்தபோது அதன் முதல் தலைவராக வந்தவரும் டோனவன்தான்.

இனி, ஊசியும் கத்தியும். ஈரல் கட்டியைக் கண்டால் கீறித் திறந்து சீழை வடியவிடுவது பத்தொன்பதாம் நூற்றாண்டின் வழக்கம். திறந்தவர்களில் பெரும்பகுதியினர் செத்தார்கள். ஏன் என்பதை உரக்கச் சொன்னவர் கல்கத்தாவின் லெனார்ட் ரோஜர்ஸ். அமீபா உண்டாக்கிய சீழில் பெரும்பாலும் பாக்டீரியா இருக்காது. கீறிவிட்டுக் குழாய் வைத்ததும் அந்த வாசல் வழியே வெளியிலிருந்து பாக்டீரியா நுழைகிறது, அழுகல் ரத்தத்தில் ஏறுகிறது, நோயாளி போய்விடுகிறார். ஆகவே மூடிய நிலையிலேயே ஊசியால் உறிஞ்சி எடுங்கள் என்றார் ரோஜர்ஸ். 1912இல் இபிகாக் வேரின் சத்தான எமட்டினை ஊசியாகப் போட்டு அமீபாவைக் கொல்லலாம் என்றும் காட்டினார். எமட்டின் இதயத்தைப் பாதிக்கக்கூடிய மருந்து. ஆனாலும் ஐம்பது ஆண்டுக் காலம் அதுவே கதி. ராமானுஜன் லஸ் சர்ச் சாலையில் படுத்திருந்தபோது எமட்டின் புழக்கத்துக்கு வந்து ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன. 1906இன் சீதபேதியை யாராவது நிறுத்தி விசாரித்திருந்தால், ஊசி தயாராகத்தான் இருந்தது.

அமீபா ஒரு பக்கம் இருக்க, பாக்டீரியாவே நேரடியாக உண்டாக்கும் ஈரல் கட்டி வேறு வகை. அதுதான் சட்டென்று உயிருக்கு ஆபத்தாகும். பித்தநாளத்தில் கல் அடைத்தாலோ, குடல்வால் அழுகினாலோ கிருமிகள் ஈரலில் வந்து தங்கும். கட்டியின் சுவர் பலவீனப்படும்போது அவை ஈரலைத் தாண்டிப் பெரிய ரத்த ஓட்டத்தில் கலக்கின்றன. பல் கிட்டுகிற குளிர், கொதிக்கிற காய்ச்சல். அப்புறம் ரத்த அழுத்தம் சரிகிறது, மூச்சு வாங்குகிறது, சிறுநீர் குறைகிறது, பேச்சுக் குழறுகிறது. டாக்டர்கள் செப்சிஸ் என்கிறார்கள். அமெரிக்காவில் ஆக்ஸ்னரும் டிபேக்கியும் 1938இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, இந்த வகைக் கட்டி எவ்வளவு கொடியது என்பதையும் திறந்து வடிக்காவிட்டால் பிழைப்பது எவ்வளவு அரிது என்பதையும் பதிவு செய்தது. பென்சிலின் பொதுப் பயன்பாட்டுக்கு வராத காலம் அது.

தமிழர்கள் கப்பலேறிப் பிழைக்கப் போன ரங்கூனிலும் இதைச் சேர்ந்த ஒரு கண்டுபிடிப்பு உண்டு. 1911இல் ரங்கூன் பொது மருத்துவமனைப் பிணவறையில் ஆல்ஃபிரட் விட்மோரும் அவருடைய உதவியாளர் சி.எஸ். கிருஷ்ணசாமியும் விசித்திரமான சில உடல்களைக் கண்டார்கள். நுரையீரலிலும் ஈரலிலும் மண்ணீரலிலும் சீழ். இறந்தவர்களில் பலர் மார்ஃபின் ஊசிக்கு அடிமையான ஏழைகள். 1912இல் இருவரும் ‘இந்தியன் மெடிக்கல் கெஸட்’டில் அதைப் புது நோயாக அறிவித்தார்கள். இன்று மெலியாய்டோசிஸ் என்று அழைக்கப்படும் அந்த நோயின் கிருமி மண்ணிலும் சேற்றிலும் வாழ்கிறது. மழைக்காலத்தில், அதிலும் சர்க்கரை நோயாளிகளை, இன்றும் தாக்குகிறது. காசநோய் என்று தவறாக எண்ணி மாதக்கணக்கில் மருந்து கொடுக்கப்படுவது இந்நோயின் பழைய தலைவிதி.

1960களில் நிலைமை தலைகீழானது. 1966இல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்து மருத்துவர்கள், மெட்ரோனிடசோல் என்ற மாத்திரை அமீபா சீதபேதியையும் ஈரல் கட்டியையும் ஒருங்கே குணப்படுத்துகிறது என்று காட்டினார்கள். கல்கத்தா ஊசி ஓய்வு பெற்றது. மெட்ரோஜில் என்ற பெயரில் அந்த மாத்திரை தமிழ்நாட்டுக் குடும்பங்களின் மருந்துப் பெட்டிக்கே வந்துவிட்டது. அடுத்து அல்ட்ராசவுண்டு வந்தது. ராயப்பேட்டையோ அடையாறோ, ஒரு ஸ்கேன் அறையில் சில நிமிடத்தில் கட்டி எங்கே, எவ்வளவு பெரிது என்று தெரிந்துவிடுகிறது. அதைப் பார்த்துக்கொண்டே ஊசியையோ மெல்லிய குழாயையோ செலுத்திச் சீழை எடுக்கிறார்கள். ஆன்ஸ்லி பிணத்தைத் திறந்து பார்த்ததை இப்போது நோயாளி விழித்திருக்கும்போதே பார்க்க முடிகிறது. ஈரல் கட்டி என்றால் சாவு என்ற காலம் போயிற்று.

இன்று வார்டுக்கு வருகிறவர்களும் மாறியிருக்கிறார்கள். அமீபா கட்டியோடு வருபவர்களில் பெரும்பாலோர் நடுவயது ஆண்கள். அவர்களிலும் குடிப்பழக்கம் உள்ளவர்களே அதிகம். இது தென்னிந்திய மருத்துவமனைகள் திரும்பத் திரும்பப் பதிவு செய்யும் விஷயம். இன்னொரு கூட்டத்தை அனுப்பிவைப்பது சர்க்கரை நோய். சென்னையில் பெரியவர்களிடையே சர்க்கரை நோய் 1989இல் 8.3 சதவீதம், 2004இல் 14.3 சதவீதம். பதினைந்தே ஆண்டுகளில் 72 சதவீதப் பெருக்கம் என்று கோபாலபுரத்தில் மருத்துவமனை நடத்தும் வி. மோகன் குழுவினர் கணக்கிட்டார்கள். சர்க்கரை கட்டுக்குள் இல்லாத உடம்பில் வெள்ளணுக்கள் மந்தமாகின்றன. குடலில் சாதுவாக இருக்கும் கிருமிக்கும் ஈரலில் இடம் கிடைத்துவிடுகிறது.

அப்படி இடம் பிடித்த கிருமிகளில் முதலிடம் கிளெப்சியெல்லாவுக்கு. 1986இல் தைவான் மருத்துவர்கள் ஏழு நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள்: ஈரலில் கட்டி, ரத்தத்தில் கிருமி, அங்கிருந்து கண்ணுக்குள் பாய்ந்து பார்வையையே பறித்த தொற்று. பெரும்பாலோர் சர்க்கரை நோயாளிகள். பித்தக் கல் இல்லை, குடல் அறுவை இல்லை. கிருமியே வழக்கத்தைவிட வீரியம் கூடியது. அந்த ரகம் ஆசியா முழுக்கப் பரவிவிட்டது.

சென்னையின் பெயர் உலக மருத்துவ ஏடுகளில் அடிபட்டதும் கிளெப்சியெல்லாவால்தான். அடையாறை அடுத்த தரமணியில், சென்னைப் பல்கலைக்கழகத்தின் அடிப்படை மருத்துவ அறிவியல் நிலையத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்த கார்த்திகேயன் குமாரசாமி, 2010 ஆகஸ்டில் ‘லான்செட்’ குழும இதழில் வெளியான ஓர் ஆய்வின் முதல் ஆசிரியர். கார்பபீனம் என்ற கடைசிக் கட்ட ஆன்டிபயாடிக்கையே செரித்துவிடும் என்டிஎம்-1 மரபணு சென்னையில் 44 கிருமி மாதிரிகளிலும், ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37, இந்தியத் துணைக்கண்டத்தின் பிற இடங்களில் 73 மாதிரிகளிலும் இருப்பதாக அது சொன்னது. மரபணுவின் பெயரில் புது டில்லி இருந்ததால் டில்லியில் கோபம் கிளம்பியது; மருத்துவச் சுற்றுலாவைக் கெடுக்கும் சதி என்றுகூடப் பேச்சு வந்தது. பெயரைப் பற்றிய சண்டையில் கிருமி மறந்துபோனது.

சென்னை மறக்கவில்லை. 2012 ஆகஸ்ட் 24 அன்று மருத்துவச் சங்கங்கள் பல இங்கே கூடி ‘சென்னைப் பிரகடனம்’ என்ற செயல்திட்டத்தை வகுத்தன; ஒருங்கிணைத்தவர் தொற்றுநோய் மருத்துவர் அப்துல் கஃபூர். டாக்டர் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் விற்பதைப் படிப்படியாகக் கட்டுப்படுத்த வேண்டும் என்பது அதன் சாரம். மத்திய அரசு ‘எச்1’ என்ற புதிய பட்டியலைக் கொண்டுவந்து 46 மருந்துகளை அதில் சேர்த்தது; 2014 மார்ச் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. இவற்றை விற்றால் நோயாளி, மருத்துவர், மருந்து மூன்றின் விவரத்தையும் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதிவைக்க வேண்டும். சட்டம் வந்தது. கடை மேடையில் கையை நீட்டி ‘காய்ச்சலுக்கு ஒரு மாத்திரை குடுங்க’ என்று கேட்கும் பழக்கம் போகவில்லை. பின்னர் வேலூர் சி.எம்.சி. ஆய்வாளர்கள் வீரியம் மிகுந்த கிளெப்சியெல்லாவும் மருந்துக்கு மசியாத கிளெப்சியெல்லாவும் ஒன்றாகவே ஆகிவிட்ட ரகங்களைப் பதிவு செய்தார்கள். ஈரலில் கட்டியாகத் தொடங்கி ரத்தத்தில் ஏறிய நோயாளிக்கு இந்த ரகம் வாய்த்தால், மருந்தைத் தேர்ந்தெடுக்கவே டாக்டர் திண்டாட வேண்டும்.

மூன்றரை நூற்றாண்டுகளாக இந்த ஊர் கண்ட ஈரல் கட்டிச் சாவுகளில் பல, மருந்து இல்லாததால் நேர்ந்தவை. ஆனால் எமட்டின் வந்த பிறகும், மெட்ரோனிடசோல் வந்த பிறகும், ஸ்கேன் வந்த பிறகும் நேர்ந்தவற்றில் பலவற்றுக்கு, காய்ச்சலைத் தணித்துவிட்டு அதன் ஊற்றைத் தேடாமல் விட்டதே காரணம்.

ஆகவே வாசகர்களுக்குச் சில வார்த்தைகள். குளிர் நடுக்கத்தோடு வரும் காய்ச்சல் நான்கைந்து நாளில் விடாவிட்டால், வலது விலாவிலோ வலது தோளிலோ வலி இருந்தால், அதிலும் சர்க்கரை நோயோ குடிப்பழக்கமோ இருந்தால், வயிற்று ஸ்கேன் தேவையா என்று டாக்டரைக் கேளுங்கள். முன்பு எப்போதாவது சீதபேதி வந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். பல ஆண்டுகளுக்கு முந்தையது என்றாலும் சொல்லுங்கள். அமீபா கட்டி குணமான பின் குடலில் மிச்சம் இருக்கும் அமீபாவைத் துடைக்கத் தனி மருந்து உண்டு. அதைப் பாதியில் விடாதீர்கள். மூச்சுத் திணறல், குழப்பமான பேச்சு, சிறுநீர் குறைவு இவற்றில் ஏதேனும் சேர்ந்தால் மறுநாள் பார்க்கலாம் என்று படுக்க வேண்டாம். அப்போதே பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். ரத்தத்தில் என்ன கிருமி என்று காட்டும் பிளட் கல்ச்சருக்கு, முடிந்தவரை முதல் ஆன்டிபயாடிக் ஏறும் முன்பே ரத்தம் எடுக்க வேண்டும். கடையில் வாங்கிப் போட்ட இரண்டு மாத்திரைகூட அந்தச் சோதனையின் முடிவைக் கெடுத்துவிடக்கூடும்.